பெரியவரே, இதெல்லாம் தெரியுமா?

திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டு. பாபநாசம் வண்டி. படியில் தொற்றி நிற்கிற ஐம்பது வயசுக்காரரைப் பார்த்து, "பெரியவரே, உள்ள ஏறி வாங்க" என்று கண்டக்டர் சத்தம் போடுகிறார். நம்ம ஆள் என்ன செய்வார் தெரியுமா? பின்னால் திரும்பி, யார் அந்தப் பெரியவர் என்று தேடுவார்!

சிரிக்காதீர்கள், நீங்களும் திரும்பித்தான் பார்ப்பீர்கள்! டென்மார்க் மக்களிடம் விசாரித்து ரூபின், பெர்ன்ட்சென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட கணக்கு இது. நாற்பதைத் தாண்டியவர்கள் தங்களைச் சராசரியாக 20 சதவீதம் இளையவர்களாகவே உணர்கிறார்களாம். 50 வயசுக்காரருக்கு மனசுக்குள் 40. 60-க்கு 48. 80 வயசு ஆச்சிக்கு வெறும் 64! அதைவிட வேடிக்கை, 25-க்குக் கீழே இருக்கிற பொடிசுகள் தங்களை வயசுக்கு மூத்தவர்களாக நினைத்துக்கொள்கின்றன. மீசை முளைக்கும்வரை பெரிய ஆள், நரைத்த பிறகு சின்னப் பையன்!

சரி, ஆயுசிலேயே மனசு ரொம்பச் சோர்ந்து கிடக்கும் வயசு எது? எழுபதா? எண்பதா? இல்லவே இல்லை!

நாற்பத்தேழு!

டேவிட் பிளாஞ்ச்பிளவர் என்ற பொருளாதார அறிஞர் 145 நாடுகளின் தகவலை அலசி 2020-ல் சொன்னது: பணக்கார நாடுகளில் மனநிறைவு அடிமட்டத்தைத் தொடும் வயசு 47.2, வளரும் நாடுகளில் 48.2. அதற்குப் பிறகு? மேலே ஏறுகிறது! மகள் கல்யாணம், மகன் காலேஜ் ஃபீஸ், வீட்டுக் கடன், அப்பாவுக்குச் சர்க்கரை, தனக்கு பிபி என்று எல்லாம் ஒரே சமயத்தில் கழுத்தைப் பிடிக்கும் வயசல்லவா அது? எல்லா ஆய்வாளர்களும் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை, சண்டை இன்னும் ஓடுகிறது. ஆனால் அடுத்ததைக் கேளுங்கள்!

குரங்குக்கும் இது உண்டு! 2012-ல் அலெக்சாண்டர் வைஸ் குழுவினர் 508 சிம்பன்சிகளையும் ஒராங்குட்டான்களையும் பற்றி, அவற்றைப் பராமரிப்பவர்களிடம் கேட்டுக் கணக்கெடுத்தார்கள். அவற்றுக்கும் நடுவயசில் மனசு தாழ்ந்து பிறகு ஏறுகிறது! சிம்பன்சிக்கு ஏது வீட்டுக் கடன்?

நெல்லையின் புதுமைப்பித்தன் 1948-ல் இறந்தபோது வயசு 42 தான் என்பது தெரியுமா? திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த பாரதிக்கு 38! அந்த 47-ஐ இரண்டு பேருமே பார்க்கவில்லை. நாம் இன்று 'இனிமேல் என்ன இருக்கு' என்று பெருமூச்சு விடுகிற வயசுக்குள் அவர்கள் எழுதி முடித்தே போய்விட்டார்கள்.

நடுவயசில் ஆளே மாறிப்போன கதை வேண்டுமா? பத்தமடைக்குப் போங்கள். 1887-ல் அங்கே பிறந்த குப்புசாமி மலேயாவில் டாக்டர். கை நிறையச் சம்பளம். 36 வயசில் எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கப்பல் ஏறினார். 1924-ல் ரிஷிகேசத்தில் சந்நியாசம். 1936-ல், 49-ஆவது வயசை நெருங்கும்போது, தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கினார். சுவாமி சிவானந்தா! அவர் எழுதிக் குவித்த புத்தகங்கள் எத்தனை தெரியுமா? 200-க்கும் மேல்!

தாழிக்குள் போன தாத்தா!

சாகவே சாகாமல் ஒருவர் கிழடாகிக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஆதிச்சநல்லூர்ப் பக்கம் கேட்டுப் பாருங்கள், பதில் வரும். அந்தக் காலத்தில் மனுஷனுக்குச் சாவே கிடையாதாம். வயசாக ஆக உடம்பு சுருங்குமாம். சுருங்கிச் சுருங்கிக் கைப்பிள்ளை அளவுக்கு வந்ததும் விளக்கு வைக்கிற மாடக்குழிக்குள் உட்கார்த்தி வைப்பார்களாம். அதற்கும் மேல் பார்க்க முடியாமல் போனால், பெரிய தாழியில் இறக்கி, கொஞ்சம் சோறும் தண்ணீரும் ஒரு விளக்கும் வைத்து மூடி மண்ணுக்குள் புதைத்துவிடுவார்களாம்! அப்படித்தான் முதுமக்கள் தாழி வந்தது என்பது தாமிரபரணிக் கரைப் பாட்டிமார் சொல்லும் கதை.

தொல்லியல் என்ன சொல்கிறது? 114 ஏக்கர் பரம்பு அது! 1876-ல் பெர்லினிலிருந்து வந்த டாக்டர் யாகோர் முதலில் தோண்டினார். அப்புறம் அலெக்சாண்டர் ரீ. 2004-ல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது 150-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. உள்ளே கிழடுகள் மட்டுமா? கிடையாது. சின்னப் பிள்ளைகள் எலும்பும் உண்டு! இறந்தவர்களுக்கான ஈமத்தாழிகள் அவை. உயிரோடு யாரும் இறங்கவில்லை. இப்போது போனால் குழி இருந்த இடத்திலேயே கண்ணாடித் தளம் போட்டு வைத்திருக்கிறார்கள். காலுக்குக் கீழே தாழி! அதற்கு மேலே நின்று நாம் செல்ஃபி எடுக்கலாம்.

அப்படியானால் சுருங்கிய தாத்தா கதை எங்கிருந்து வந்தது? இங்கேதான் மயிர்க்கூச்செறியும்! இதே கதை இத்தாலியிலும் இருக்கிறது!

குமே என்ற ஊரில் சிபில் என்றொரு குறிசொல்லி. கை நிறைய மணலை அள்ளிக்காட்டி, 'இத்தனை வருஷம் ஆயுசு கொடு' என்று தெய்வத்திடம் கேட்டாள். கிடைத்தது. இளமையைக் கேட்க மறந்துவிட்டாள்! ஆயிரம் வருஷம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒரு ஜாடிக்குள் அடங்குகிற அளவுக்கு ஆகிப்போனாளாம்! ஜாடிக்குள்! கிரேக்கக் கதையில் டித்தோனஸ் என்ற இளவரசனுக்கும் அதே கதிதான். சாகாவரம் கிடைத்தது, இளமை கிடைக்கவில்லை, சுருங்கிச் சில்வண்டாகவே ஆகிவிட்டான். ஆதிச்சநல்லூர்க் கிழவனும் குமேக் கிழவியும் ஒரே மாதிரி பானைக்குள் போய் உட்கார்ந்தது எப்படி? கடல் தாண்டிக் கதை வந்ததா, பயம் எங்கேயும் ஒரே மாதிரிதான் கதை கட்டுமா? எனக்கென்னவோ இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. சாவைவிட, பிள்ளைகளுக்குப் பாரமாகிச் சாகாமல் கிடப்பதற்குத்தான் மனுஷன் அதிகம் பயப்படுகிறான்.

மூளை எப்போது உச்சத்துக்குப் போகிறது தெரியுமா?

பதில் ஒன்றல்ல, பல! கிட்டத்தட்ட 50,000 பேரைச் சோதித்து ஹார்ட்ஸ்ஹார்ன், ஜெர்மைன் என்ற இருவர் 2015-ல் கண்டது: தகவலை டக்கென்று கையாளும் வேகம் 18, 19 வயசிலேயே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிவிடுகிறது! எதிராளியின் கண்ணைப் பார்த்தே மனசைப் படிக்கும் திறமை நாற்பதுக்கு மேல்தான் உச்சத்துக்கு வருகிறது. சொல்வளம்? அறுபதுகளின் கடைசியில், எழுபதின் வாசலில்! மாமியாரிடம் வாய் கொடுத்து ஏன் ஜெயிக்க முடியவில்லை என்று இப்போது புரிகிறதா?

கி.ராஜநாராயணனையே எடுத்துக்கொள்ளுங்கள். இடைசெவல்காரர். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். கதை எழுத வந்ததே முப்பதைத் தாண்டிய பிறகு. அறுபதைத் தாண்டிய பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது! சாகித்ய அகாடமி 1991-ல். தொண்ணூறைத் தாண்டியும் 'அண்டரண்டப் பட்சி' எழுதினார். 2021 மே மாதம் நூறை நெருங்கிக் கண்மூடும் காலம்வரை பேனா ஓயவில்லை!

அவருக்குத் தாய்மொழி தெலுங்கு. எழுதியது கரிசல் தமிழ். இதை ஏன் சொல்கிறேன்? ஹைதராபாத்தில் மறதி நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013-ல் வெளியிட்ட முடிவைக் கேளுங்கள். இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு மறதி நோய் நாலரை வருஷம் தள்ளி வருகிறது! பள்ளிக்கூடமே போகாத, எழுதப் படிக்கத் தெரியாத ஆட்களுக்கும்கூட! செங்கோட்டைச் சந்தையில் தமிழும் மலையாளமும் கலந்து பேரம் பேசுகிற ஆச்சிக்குத் தெரியுமா, தன் மண்டைக்கு எவ்வளவு பெரிய உபகாரம் செய்துகொண்டிருக்கிறோம் என்று?

அப்பா 75 வயசில் சாகித்ய அகாடமி விருது வாங்க, மகன் 70 வயசில் அதே விருதை வாங்கிய வீடு நெல்லை டவுனில் இருக்கிறது, தெரியுமா? அப்பா தி.க.சிவசங்கரன், 2000-ல். மகன் வண்ணதாசன், 2016-ல். தி.க.சி. 2014-ல் காலமாகும்போது வயசு 88. சுடலைமாடன் கோயில் தெரு வீட்டிலிருந்து, அறிமுகமே இல்லாத இளம் எழுத்தாளர்களுக்குப் போஸ்ட் கார்டு போட்டுக்கொண்டே இருந்தார். நேற்று முதல் கதை எழுதிய பையனுக்கும் கார்டு வரும்!

எரிக் எரிக்சன் என்ற மனவியல் மேதை மனுஷ வாழ்க்கையை எட்டுப் படிகளாகப் பிரித்தவர். 'அடுத்த தலைமுறைக்கு நான் என்ன விட்டுப்போகிறேன்?' என்ற கேள்வி நடுவயசின் படி என்றார். எட்டோடு முடிந்ததா? அவர் போன பிறகு, தொண்ணூறைத் தாண்டிய அவர் மனைவி ஜோன், "ஒன்பதாவது ஒன்று இருக்கிறது" என்று 1997-ல் புத்தகத்தைத் திருத்திவிட்டார்! தொண்ணூறு வயசு எப்படி இருக்கும் என்று தொண்ணூறுக்குப் போனவருக்குத்தானே தெரியும்?

'என்ன விட்டுப்போகிறேன்?' என்ற கேள்விக்கு நம் ஊரில் ஒருவர் சம்பளத்தாலேயே பதில் சொன்னார். ஸ்ரீவைகுண்டத்தில் கல்லூரி நூலகராக இருந்த பாலம் கல்யாணசுந்தரம். சம்பளத்தைத் தானம் செய்தார். ஓய்வு பெற்றதும் வந்த பணத்தையும் தானம் செய்தார். 2023-ல் பத்மஸ்ரீ!

கிழவர் சீடன், பையன் குரு! கேள்விப்பட்டதுண்டா? திருக்கோளூரில் பிறந்த மதுரகவி, வடக்கே அயோத்திவரை போய்விட்டு, தெற்கே ஒரு ஒளி தெரிகிறதென்று திரும்பி நடந்து வந்தாராம். ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில் 16 வயசுப் பையன் நம்மாழ்வார் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வயசில் எவ்வளவோ மூத்த மதுரகவி அந்தப் பையன் காலில் விழுந்தார்! பிறகு 11 பாசுரம் பாடினார். அதுவும் யார் மேல்? பெருமாள் மேல் இல்லை, அந்தப் பையன் மேல்! பேரனிடம் செல்போன் கற்றுக்கொள்ளக் கூச்சப்படும் தாத்தாக்கள் ஒருமுறை திருநகரிக்குப் போய்வரலாம்.

மூக்குக்கு எத்தனை வயசு?

ஒரு சொல்லைச் சொல்லிப் பழைய நினைவைக் கேட்டால் வயசானவர்களுக்குப் பெரும்பாலும் 11 முதல் 20 வயசு வரையிலான சங்கதிகள் வருகின்றன. அதே ஆளிடம் ஒரு வாசனையைக் காட்டினால்? பத்து வயசுக்கும் உள்ளே போய்விடுகிறார்! ஸ்வீடனில் சோதித்துச் சொன்னது இது. முற்றத்து அண்டாவில் நெல் அவியும் வாசனை அடித்தால் எழுபது வயசுக்காரர் ஏன் சட்டென்று பேச்சை நிறுத்துகிறார் என்று தெரிகிறதா? ஆறு வயசில் அந்த அண்டா ஓரம் சுடுநெல்லைக் கொறித்துக் கை சுட்டுக்கொண்டது இப்போது திரும்ப நடக்கிறது!

பாட்டும் அப்படித்தான். திருச்செந்தூர், நெல்லைப் பக்கம் எழுபதுகளில் இளவட்டமாக இருந்தவர்களைக் கேளுங்கள். இலங்கை வானொலியில் எந்த அறிவிப்பாளர் எந்தப் பாட்டுக்கு என்ன முன்னுரை கொடுத்தார் என்று வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள். காலையில் மாத்திரை போட்டோமா? அது மட்டும் தெரியாது!

தலை மறந்தாலும் கை மறக்காது என்பது தெரியுமா? 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு புதிதாக எதுவுமே நினைவில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையப் பழக்கியபோது நாளுக்கு நாள் அருமையாக வரைந்தார்! 'இதற்கு முன் வரைந்ததே இல்லை' என்று சாதித்துக்கொண்டே! மறதி நோய் வந்தவர்கள் பலரின் கைகளும் பழகிய வேலையை நெடுநாள் விடுவதில்லை. அதே 1953-ல்தான் பத்தமடைப் பாய் ஒன்று எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பயணமானது. ஆற்றில் ஊறப்போட்ட கோரையை நூலைவிடச் சன்னமாகக் கீறி, துணிபோல மடிக்கலாம் என்கிற அளவுக்கு நெய்த பாய். அந்தக் கீறலைப் பார்த்துச் செய்வதில்லை பாட்டிமார். விரல் தானே போகிறது!

இந்தியாவில் 60-ஐத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் என்கிறது 2023-ல் வந்த கணக்கு. 88 லட்சம் பேர்!

ஆனால் ஒரு கன்னியாஸ்திரீ என்ன செய்தார் தெரியுமா? டேவிட் ஸ்னோடன் 678 கன்னியாஸ்திரீகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார். அவர்களில் சிஸ்டர் மேரி 101 வயசுவரை சோதனையில் நல்ல மார்க் வாங்கிக்கொண்டிருந்தார். இறந்தபின் மூளையைப் பார்த்தால்? அல்சைமர் அடையாளங்கள் அப்பிக் கிடந்தன! நோய் மூளையில் இருந்தது, ஆளிடம் தெரியவே இல்லை!

'வயசானா இப்படித்தான்' என்று அடிக்கடி சொல்கிறீர்களா? நிறுத்துங்கள்! ஒஹையோவில் ஒரு சிற்றூரில் 50-ஐத் தாண்டிய 660 பேரை பெக்கா லெவி ஆராய்ந்து 2002-ல் சொன்னது: முதுமையைப் பற்றி நல்லபடியாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிட ஏழரை வருஷம் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஏழரை! நம் ஊரில் ஏழரை என்றாலே சனிதான், அங்கே அது போனஸ்!

குறுக்குத்துறைப் படித்துறையில் விடிகாலையில் துவைத்துக் குளித்து, ஈர வேட்டியை இரண்டு கையால் விரித்துக் காற்றில் உலர்த்திக்கொண்டே ஊர்க்கதை பேசும் பெரியவர்கள் செய்வது குளியல் மட்டும்தானா? வைத்தியம்! 148 ஆய்வுகள், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டி 2010-ல் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு சொன்னது: நாலு பேரோடு பழகுகிறவர்கள் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம்! திண்ணையை இடித்து கார் ஷெட் கட்டியவர்கள் கவனிக்கவும்.

சிங்கம்பட்டி ராஜாவைத் தெரியுமா? சின்னஞ்சிறு வயசில் பட்டம் கட்டிக்கொண்டவர் முருகதாஸ் தீர்த்தபதி. ஐம்பதுகளில் ஜமீனே ஒழிந்துபோனது. ஆனாலும் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் ராஜ உடையில் உட்கார்ந்து தரிசனம் கொடுத்தார், பல பத்தாண்டுகளாக! 2020 மே மாதம் காலமாகும்போது தொண்ணூறை நெருங்கிவிட்டார். ராஜ்ஜியம் போகலாம், ராஜா எங்கே போவார்?

ஆயிரம் பிறை என்கிறோமே, கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29.53 நாள். ஆயிரத்தால் பெருக்கினால் 80 வருஷம் 10 மாதம்! காகிதமும் கால்குலேட்டரும் இல்லாமல் போட்ட கணக்கு!

தேர் பார்த்துவிட்டுப் போகலாமா?

"ஆனித்தேர் பாத்துட்டுப் போயிருதேன்டா" என்று நெல்லையப்பரைச் சொல்லிச் சாவுக்கே தவணை கேட்கும் ஆச்சிகள் நம் வீதிகளில் உண்டு. முடியுமா? முடியும் என்றது ஓர் ஆய்வு! கலிபோர்னியாவில் வாழும் சீனப் பாட்டிமார் மத்தியில் நிலாத் திருவிழாவுக்கு முந்தின வாரம் சாவு 35.1 சதவீதம் குறைந்து, அடுத்த வாரம் 34.6 சதவீதம் கூடியதாம்! 1990-ல் வந்தது. ஆகா என்று வாயைப் பிளந்தார்கள். 2004-ல் ஒஹையோவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட புற்றுநோய்ச் சாவுகளைப் புரட்டினார்கள். கிறிஸ்துமஸுக்கும் நிற்கவில்லை, பிறந்தநாளுக்கும் நிற்கவில்லை! ஆச்சிகள் இந்த இரண்டாவது ஆய்வை நம்பப் போவதில்லை. நானும் அவர்களிடம் சொல்லப் போவதில்லை.

உயிர் இழுத்துக்கொண்டே கிடந்தால் தென்மாவட்டத்தில் என்ன செய்வார்கள் தெரியுமா? மண்ணாசை பிடித்தவருக்குச் சொந்த வயல் மண்ணைக் கரைத்து வாயில் விடுவார்கள். பணத்தாசை பிடித்தவருக்குக் காசை உரசி அந்தத் தண்ணீர்! எந்த மனவியல் மாணவருக்கும் தோன்றாத வைத்தியம்!

மாசக்கணக்கில் யாரையும் தெரியாமல் கிடந்த ஆள், போவதற்கு முந்தின நாள் சடாரென்று எழுந்து உட்கார்ந்து, எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ரசஞ்சோறு கேட்டது உங்கள் வீட்டில் நடந்ததுண்டா? "அணையப் போற விளக்கு" என்று கிழவிகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மைக்கேல் நாம் என்ற ஜெர்மன் ஆய்வாளர் இதற்கு 2009-ல்தான் ஒரு பெயரே வைத்தார்! ஏன் நடக்கிறது? இன்றுவரை யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை!

கடைசியாக ஒன்று. பேச்சு மூச்சில்லாமல் கிடப்பவரின் தலைமாட்டில் சிவபுராணம் படிக்கிறோமே, கேட்குமா? கேட்கிறது! கனடாவில் வான்கூவர் நகரத்து அந்திமப் பராமரிப்பு இல்லம் ஒன்றில், நினைவு தப்பிக் கடைசி மணிநேரத்தில் இருந்தவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்து 2020-ல் வெளியிட்டார்கள். காதில் விழுந்த ஓசைக்குச் சிலருடைய மூளை, நல்லாயிருக்கிற இளவட்டங்களின் மூளை மாதிரியே பதில் கொடுத்தது! புரிந்துகொண்டார்களா என்பது வேறு விஷயம், சத்தம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆகவே, கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு ஆத்தங்கரை வயல் மூத்தவனுக்கா இளையவனுக்கா என்று குசுகுசுக்கிற மகன்மார்களே... அய்யா காதில் விழுகிறது!